பச்சைக் கடலுணவு: வெள்ளை மீனில் தொடங்கி ஹோயா வரை

முதல் நாளே ஊனி கேட்காதீர்கள். ஜப்பானுக்கு வரும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கடல் முள்ளெலியின் ஓட்டுக்குள் ஐந்து நாக்குகளாக ஒட்டியிருக்கும் இனச்சுரப்பிதான் ஊனி. படத்தில் பார்த்தால் மாம்பழக் கதுப்பு போல இருக்கும். ஆசைப்பட்டு மலிவான இடத்தில் கேட்டு வாங்குவார்கள். கசப்பும் மருந்து நெடியுமாக அது வாயில் கரையும். 'பச்சை மீனே எனக்கு ஆகாது' என்று அன்றோடு முடித்துக்கொள்வார்கள். அவர்கள் நாக்கில் பட்டது பெரும்பாலும் ஊனியின் ருசியே இல்லை. கரைந்து குலையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பார்கள், அதன் கசப்பு அது. உப்புநீரில் மிதக்கவிட்டு விற்கிற ஊனி இருக்கிறது. 'என்சுய் ஊனி' என்பார்கள். கோடையில் ஹொக்கைடோவிலோ சன்ரிக்கு கடற்கரையிலோ அதை ஒரு முறை சாப்பிட்டால் போதும், முதலில் சாப்பிட்டது என்ன என்று உங்களுக்கே புரிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நாக்கைப் பழக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வடகிழக்கு ஜப்பானில் உள்ள செண்டாயில் 11 வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் ஷியோகாமா என்கிற துறைமுக ஊர். சூரை மீன் இறங்கும் இடம், சுஷிக் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே எட்டு இருக்கை மட்டுமே உள்ள ஒரு கடையில்தான் நான் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். கடைக்காரரை எல்லோரும் 'தாய்ஷோ' என்று கூப்பிடுவார்கள், அவர் மனைவியை 'ஓகாமி-சான்' என்று. முதல் முறை போனபோது எனக்குத் தெரிந்த மீன் குழம்பில் கிடக்கும் மீனும் வறுத்த மீனும்தான். பச்சை மீன் நாறும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முன்னால் வந்த துண்டில் வாடையே இல்லை. நல்ல சாஷிமி, அதாவது பச்சை மீன் துண்டு, நாறாது. நாறினால் வைத்துவிடலாம், தப்பில்லை.

பயம் வாடையால் வருவதாக நாம் நினைக்கிறோம். வாய்க்குள் போன பிறகு தடுமாற வைப்பது பதம். வழுவழுப்பு, இழுவை, நறநறப்பு, ஜில்லிப்பு. இதில் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டு போனால் ஒரு நாளும் குமட்டாது.

எந்த வரிசையில்

வெள்ளை மீனில் ஆரம்பியுங்கள். ஹிராமே என்கிற தட்டை மீன், அல்லது மதாய். ருசி மென்மையாக, பின்னால் மெதுவாக வரும். கொழுத்த மீனை முதலில் சாப்பிட்டுவிட்டால் இந்த ருசி நாக்கில் ஏறாது. அப்புறம் சூரையின் சிவப்புப் பகுதி, 'அகாமி'. எல்லோரும் ஓடுவது வயிற்றுப்பகுதியான தோரோவுக்கு. எனக்கு அகாமிதான் பெரிது. அதில் லேசாக ஒரு புளிப்பும் இரும்பு வாசமும் இருக்கும். மீனின் ரத்த ஓட்டமே நாக்குக்குத் தெரிகிற மாதிரி.

மூன்றாவதாக சால்மன். இது ஜப்பானின் பழைய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தங்கள் கடலில் பிடிபடும் சால்மனில் புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர்கள் அதைப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த சால்மனைக் கொண்டுவந்து, பல வருடம் முயன்று, சுஷிக்குள் நுழைத்தார்கள். வடக்கே ஐனு பழங்குடி மக்களிடம் வேறொரு முறை இருந்தது. சால்மனைக் குளிரில் உறையவிட்டு, உறைந்தபடியே சீவித் தின்பார்கள். 'ருய்பே' என்று பெயர். உறையவைத்தால் புழு சாகும் என்பதைச் சோதனைக்கூடம் சொல்வதற்கு முன்பே அவர்கள் கைப்பழக்கம் சொல்லிவிட்டது.

இந்த மூன்றும் பிடித்துவிட்டால் அமா எபி. சின்ன இறால், பச்சையாகவே இனிக்கும். வேகவைத்தால் அந்த இனிப்பும் வழவழப்பும் போய்விடும். தலையை ஒதுக்கி வைக்காதீர்கள். கேட்டால் பல கடைகளில் பொரித்துக் கொடுப்பார்கள், மொறுமொறுவென்று முழுசாகத் தின்னலாம்.

அடுத்தது கணவாய். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் மெல்லாமல் விழுங்கப் பார்க்கிறார்கள். கணவாயை விழுங்கக் கூடாது. முதலில் பற்களுக்கு நடுவே வழுக்கும், நுங்கு மாதிரி. ஐந்தாறு கடிக்குப் பிறகு பசை போல ஒட்டும், அப்போதுதான் இனிப்பு வரும். அதற்காகவே தாய்ஷோ அதன் மேல் மயிரிழை இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவார். ஒரு நாள் அந்தக் கீறல்களை நான் எண்ணப் பார்த்தேன். ஒரு விரல் அளவு துண்டில் இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அவர் கீறிய கணவாய்க்கு சோயா சாஸ் வேண்டாம், உப்பும் சுதாச்சி என்கிற சின்ன எலுமிச்சையின் இரண்டு சொட்டும் போதும்.

இதெல்லாம் கடந்த பிறகு கேளுங்கள் ஊனியை. கூடவே இக்குரா, சால்மன் முட்டை. முத்து முத்தாக இருக்கும், பல்லில் பட்டதும் வெடிக்கும். பெயர் ரஷ்ய மொழியிலிருந்து வந்தது.

கையும் குச்சியும்

நிகிரி சுஷியை, அதாவது பிடித்த சோற்றின் மேல் மீன் வைத்ததை, கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எடுத்து, கொஞ்சம் சாய்த்து, மீன் பக்கம் மட்டும் சோயாவில் தொட்டு, ஒரே வாயில் போட வேண்டும். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிரும், உப்பும் ஏறும். வாசாபி என்கிற காரமான பச்சை நிறப் பசையைச் சோயாவில் கரைத்துக் கலக்குவது வேண்டாம், சாஷிமித் துண்டின் மேல் ஒரு சிட்டிகை வைத்து, மறுபக்கம் தொட்டுக்கொள்ளுங்கள். வாசாபி மூக்கில் ஏறினால் மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள், நொடியில் இறங்கிவிடும். காரம் வேண்டாம் என்றால் 'சாபி நுகி' என்று சொன்னால் போதும். இளஞ்சிவப்பு இஞ்சி ஊறுகாய் இரண்டு மீனுக்கு நடுவே வாயைக் கழுவ. அதை மீன் மேல் அடுக்கித் தின்றால் மீன் ருசி தெரியாது. சாஷிமிக்கு அடியில் இருக்கும் முள்ளங்கித் துருவலும் ஷிசோ இலையும் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, சாப்பிடலாம்.

குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தாதீர்கள். உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்கை நினைவுபடுத்தும். தகனத்துக்குப் பிறகு எலும்பைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றித்தான் பொறுக்குவார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் தட்டுக் கடைகளில் ஒரு தட்டு 100 யென் சொச்சத்தில் தொடங்கும், பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நல்ல கடையைப் பார்க்க வேண்டுமென்றால் மதியம் போங்கள். இரவில் 10,000 யென்னைத் தாண்டும் கடையிலும் மதியத் தட்டு பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. ஒமகாசே, அதாவது கடைக்காரர் விருப்பத்துக்கு விடுவது, சாப்பிடத் தெரிந்த பிறகுதான் சுகம். கனமான அத்தர் பூசிக்கொண்டு போகாதீர்கள். வைத்த சுஷியைப் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஆறவிடாதீர்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போதே வாய்க்குள் போக வேண்டும் என்றுதான் அவர் பிடித்து வைக்கிறார்.

ஹோயா

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் செண்டாய் இருக்கும் மியாகி மாநிலத்தில் 11 வருடம் இருந்தவளுக்கு இது சொந்த விஷயம். ஹோயா மீனும் இல்லை, சிப்பியும் இல்லை. கை முஷ்டி அளவு, சிவந்த ஆரஞ்சு நிறம், மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாகக் கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஒரு பிராணி. மேலே இரண்டு துளைகள். ஒன்று கூட்டல் குறி மாதிரி, மற்றது கழித்தல் குறி மாதிரி. கூட்டல் வழியே தண்ணீர் உள்ளே போகும், கழித்தல் வழியே வெளியே வரும்.

தாய்ஷோ அதை ஒரு கிண்ணத்துக்கு மேல் பிடித்து, கூட்டல் குறியை நுனிக் கத்தியால் சீவினார். உள்ளிருந்து நீர் பீய்ச்சி அடித்தது. அதைக் கொட்டவில்லை, கிண்ணத்தில் பிடித்து வைத்துக்கொண்டார். தோலை நீளவாக்கில் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டு வழித்ததும் பலாச்சுளை நிறத்தில் சதை முழுசாகக் கழன்று வந்தது. கருப்பாக இருந்த குடலை எடுத்துவிட்டு, சற்று முன் பிடித்த அதே நீரில் சதையை அலசினார். குழாய்த் தண்ணீர் படவே இல்லை. நான்கு துண்டாக நறுக்கி, வெள்ளரியோடு வைத்தார்.

முதல் கடியில் உப்பு, அப்புறம் ஒரு இனிப்பு, அதன் பின்னால் அயோடின் போன்ற கசப்பு. பதம் வழுக்கலுக்கும் மொறுமொறுப்புக்கும் நடுவில். எனக்குப் பிடித்ததா இல்லையா என்று முடிவுகட்டுவதற்குள் ஓகாமி-சான் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை முன்னால் வைத்து, "குடிச்சுப் பாருங்க" என்றார். தண்ணீர் இனித்தது. சர்க்கரை போட்ட மாதிரி இல்லை, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அப்படி. அடுத்த துண்டை நானே எடுத்தேன்.

ஹோயாவுக்கு இரண்டு விதிதான். கோடையில் சாப்பிடுங்கள், அப்போதுதான் சதை தடித்திருக்கும். பிடிக்கிற ஊருக்குப் பக்கத்தில் சாப்பிடுங்கள். வெட்டி வைத்தாலோ பயணப்பட்டாலோ நெடி வேகமாக ஏறும். ஹோயாவை வெறுக்கிறவர்கள் பலர் தூரத்து ஊரில் பழசைத் தின்றவர்கள். கொரியாவிலும் இது உண்டு, 'மொங்கே' என்பார்கள். மிளகாய்ப் பசையில் தொட்டுத் தருவார்கள்.

பயப்பட வேண்டியவை

இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். மூன்றாவது வருடம், ஆணவத்தில் ஒரு வேலை செய்தேன். கடையில் சாப்பிட்ட ஷிமே சபா, அதாவது உப்பிலும் வினிகரிலும் ஊறிய கானாங்கெளுத்தி, எனக்கு உயிர். முழு மீனாக வாங்கிவந்து வீட்டிலேயே செய்து சாப்பிட்டேன். நள்ளிரவில் மேல்வயிற்றில் கத்தி சொருகின மாதிரி வலி. சுருண்டு கிடந்துவிட்டு விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று என்ன மீன்?" வாய் வழியே குழாய்க் கேமராவை விட்டு, திரையில் எனக்குக் காட்டினார். வயிற்றுச் சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்தது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்ததும் வலி இறங்கத் தொடங்கியது.

அதன் பெயர் அனிசாகிஸ். வினிகர் அதைக் கொல்லாது. உப்பு, சோயா, வாசாபி, எதுவும் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தால் சாகும், 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்தால் சாகும். வீட்டு ஃப்ரீசர் பல சமயம் அந்தக் குளிரை எட்டாது. மீன் செத்த பிறகு புழு குடலிலிருந்து சதைக்கு நகரும் என்பதால், குடலைச் சீக்கிரம் எடுப்பதும் சதையை வெளிச்சத்தில் பார்ப்பதும் கடைக்காரர்களின் அன்றாட வேலை. நான் இரண்டையும் செய்யவில்லை. கானாங்கெளுத்தி, கணவாய், கடல் சால்மன் மூன்றையும் பச்சையாக வீட்டில் தயாரிக்காதீர்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் போங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

சிப்பி வாங்கும்போது பையில் இருப்பதைப் படியுங்கள், அல்லது கேளுங்கள். 'நமாஷோகு யோ' என்றால் பச்சையாகத் தின்ன, 'கானெட்சு யோ' என்றால் வேகவைக்க. இரண்டாவது பழசு என்று அர்த்தமில்லை. அன்று காலையில் எடுத்ததாகவே இருக்கலாம், ருசியும் செறிவாக இருக்கும். எடுத்த கடல்பகுதியும் சுத்தப்படுத்திய விதமும்தான் வேறு. 'இவ்வளவு புதுசாக இருக்கிறதே' என்று வேகவைக்கிற சிப்பியைப் பச்சையாகத் தின்றால் நோரோ வைரஸ் உங்களைப் படுக்கவைத்துவிடும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது, விப்ரியோ கிருமி அவர்கள் உயிரையே எடுக்கும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வெந்ததைச் சாப்பிடுங்கள். சுஷிக் கடையில் அவர்களுக்கும் நிறைய இருக்கிறது. முட்டை, வெந்த அனாகோ விலாங்கு, வெந்த இறால்.

தொயாமா பக்கத்தில் வசந்த காலத்தில் வரும் ஹொதாரு இக்கா, மின்மினிக் கணவாய், கண்ணுக்கு அழகு. அதையும் குடலோடு பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதில் வேறொரு புழு இருக்கிறது. வேகவைத்து, புளிப்பான மிசோ என்கிற சோயாப் பசை தொட்டுத் தருவார்கள், ருசியில் குறைவே இல்லை.

ஃபுகு என்கிற விஷப் பேத்தை மீனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உரிமம் உள்ளவர் வெட்டும் கடையில் பயமில்லை. 1975-இல் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ என்கிற கபுகி நாடக நடிகர் கியோத்தோவில் ஃபுகு ஈரலைக் கேட்டு வாங்கி நான்கு பங்கு சாப்பிட்டு இறந்தார். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. ஈரலை உணவகத்தில் பரிமாறவே தடை. நாக்கு மரத்துப் போவதுதான் ஃபுகுவின் சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டின் ஓவியம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சீவியதை இரண்டு மூன்றாகச் சேர்த்தெடுத்து, வெங்காயத் தாளைச் சுருட்டி, பொன்சு என்கிற புளிப்பான சோயாவில் தொட்டு நிதானமாக மெல்லுங்கள். அதில் இருப்பது பல்லுக்கான இன்பம்.

ஜப்பானுக்கு வெளியே

சியோலில் நோர்யாங்ஜின் மீன் சந்தையில் கீழே வாங்கி, மேல்மாடிக் கடைகளில் கட்டணம் கொடுத்துச் சாப்பிடலாம். அங்கே சன்னக்ஜி கிடைக்கும். சின்ன ஆக்டோபஸை அப்போதே நறுக்கி, எள் எண்ணெய் ஊற்றித் தருவது. தட்டில் துண்டுகள் நெளியும். உயிர் போயிருந்தாலும் கைகளில் உள்ள நரம்புகள் இன்னும் வேலை செய்யும். ஆபத்து தொண்டையில். உறிஞ்சிகள் பிடித்துக்கொண்டு மூச்சை அடைத்துச் செத்தவர்கள் உண்டு. சின்னத் துண்டாக எடுங்கள், எண்ணெயில் நன்றாகப் புரட்டுங்கள், அசைவு நிற்கும் வரை மெல்லுங்கள், மது அருந்திவிட்டு வேண்டாம். இதைச் சாப்பிட மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் நியாயம். எனக்கு ஒரு முறை போதும் என்று தோன்றியது.

அதைவிட நான் தேடிப் போவது கன்ஜாங் கேஜாங். பச்சை நண்டைச் சோயாவில் ஊறவைத்தது. 'சோற்றுத் திருடன்' என்று கொரியர்கள் செல்லமாகச் சொல்வார்கள். நண்டு ஓட்டுக்குள் சுடுசோற்றைப் போட்டு, முட்டையும் சாறுமாகப் பிசைந்து தின்னும்போது பெயர்க் காரணம் விளங்கும். தெற்கே மொக்போ பக்கம் ஹொங்கோ என்று புளிக்கவைத்த திருக்கை தருவார்கள். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். தனியாகத் தின்னாதீர்கள், வேகவைத்த பன்றி இறைச்சி, பழைய கிம்ச்சி இரண்டோடும் சேர்த்து ஒரே வாயாக எடுக்க வேண்டும்.

எங்கே போனாலும் நான் மீறாத ஒரு கோடு உண்டு. ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்ததைப் பச்சையாகச் சாப்பிட மாட்டேன். தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் ப்லா என்று பச்சை நன்னீர் மீனை எலுமிச்சைச் சாறில் கலந்து தின்பார்கள். அதிலுள்ள ஈரல் தட்டைப்புழு வருடக்கணக்கில் உடம்பில் தங்கிப் பித்தக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. சிங்கப்பூரில் 2015-இல் கஞ்சியோடு தந்த பச்சை நன்னீர் மீனால் பலர் கிருமித் தொற்றில் விழுந்தார்கள், அந்த வருடமே அரசு அதைத் தடை செய்தது. எலுமிச்சைச் சாறு சதையை வெளுக்கவைக்கும், பார்க்க வெந்தது போலத் தெரியும், ஆனால் வேகவில்லை. மட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். 1988-இல் ஷாங்காயில் அரைவேக்காட்டு ரத்த மட்டியால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது.

வேண்டாம் என்று சொல்வது

கடைசியாக இதைக் கற்றுக்கொண்டு போங்கள். உட்கார்ந்தவுடனேயே ஆகாததைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை இருந்தால் 'அரெருகி' என்று சொன்னால் புரியும். வைத்த பிறகு ஒதுக்குவதைவிட அது மரியாதை. பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தால் 'சுகோஷி', கொஞ்சம் மட்டும் என்று கேளுங்கள். சுட்டுத் தரச் சொல்ல 'யாய்தே குதாசாய்'. தயங்க வேண்டாம்.

தாய்ஷோவின் கடையில் குளிர்காலத்தில் கோனோவதா வரும். கடல் அட்டையின் குடலை உப்பிட்டுப் புளிக்கவைத்தது, ஊனி, கராசுமி என்கிற உப்பிட்டுக் காயவைத்த மடவை முட்டை இரண்டோடும் சேர்த்து ஜப்பானின் மூன்று அரும்பண்டங்களில் ஒன்று. இழை இழையாக, பழுப்பு மஞ்சளாகச் சின்னக் கிண்ணத்தில் இருக்கும். முதல் வருடம் குனிந்து மோந்துவிட்டு, "மன்னிச்சிடுங்க தாய்ஷோ, இப்போ முடியல" என்றேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு குளிர்காலமும், கேட்காமலே, குச்சி நுனியளவு எனக்கு ஒதுக்கி வைப்பார். நானும் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைப்பேன். எட்டாவது குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வைப்பதற்கு முன்னால் நானே கேட்டேன்.